தரை முறிந்த கதையைப் படிப்பவர்கள்

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கம் போர் போடும் விவசாயி சில அடி மண்ணைத் தாண்டியதும் கருங்கல்லைத் தொட்டுவிடுகிறார். அதற்குப் பிறகு அவருக்குத் தண்ணீர் கிடைப்பது பாறையில் ஓடும் வெடிப்புகளைப் பொறுத்தது. பக்கத்து வயலில் தண்ணீர் பீறிட்டு அடிக்கும். இவர் குழியிலிருந்து கல்பொடி மட்டும் புகையாகக் கிளம்பும். அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கே, மீஞ்சூரிலும் பஞ்செட்டியிலும், கருங்கல் அவ்வளவு எளிதில் தட்டுப்படாது. மணல், களிமண், மறுபடி மணல் என்று அடுக்கடுக்காகக் கீழே போய்க்கொண்டே இருக்கும். திருத்தணி முருகன் கோயில் நிற்கும் குன்றும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகள் நிற்கும் சமவெளியும் ஒரே ஆட்சியரின் கீழ் வருகின்றன. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது வேறு வேறு உலகம்.

சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியின் தரை முறிந்தது, முறிந்த பகுதி கீழே இறங்கியது என்பதுதான் இதற்குக் காரணம். அந்த முறிவை இன்று யாரும் கண்ணால் பார்க்க முடியாது. மேலே நெல் விளைகிறது, லாரிகள் ஓடுகின்றன, புகைபோக்கிகள் நிற்கின்றன. எங்கே முறிந்தது, எந்தத் திசையில் இறங்கியது, எவ்வளவு இறங்கியது என்று கண்டுபிடித்துச் சொல்பவர்கள் கட்டமைப்பு நிலவியலாளர்கள். உலகில் அதிகம் அறியப்படாத, ஆனால் நம் குடிநீரிலிருந்து கட்டடப் பாதுகாப்பு வரை தொடும் ஒரு துறை அது. அந்தத் துறையினர் எப்படி வேலை செய்கிறார்கள், தங்களுக்கென்று சங்கம் அமைத்து எதைப் பாராட்டுகிறார்கள், எதற்கு விருது கொடுக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது திருவள்ளூர்க்காரர்களுக்கு மிகவும் பயன்படும்.

பாறைக்கு நேர்ந்தது என்ன?

நிலவியலில் பல கிளைகள் உண்டு. ஒருவர் பாறை எதனால் ஆனது என்று பார்ப்பார். இன்னொருவர் அதில் புதைந்த உயிரினங்களைப் பார்ப்பார். கட்டமைப்பு நிலவியலாளர் கேட்கும் கேள்வி வேறு: பாறை உருவான பிறகு அதற்கு என்ன நேர்ந்தது? அது மடிந்ததா, முறிந்ததா, இழுபட்டதா, நசுங்கியதா? எந்தத் திசையிலிருந்து வந்த விசை அதைச் செய்தது?

இதற்கு அவர் கையில் எடுத்துப் போவது சுத்தியல், உருப்பெருக்கி, குறிப்பேடு, திசைகாட்டியும் சாய்வுமானியும் சேர்ந்த ஒரு சிறு கருவி. வெளியே தெரியும் ஒவ்வொரு பாறை அடுக்கிலும் இரண்டு அளவுகளை எடுக்கிறார். அடுக்கு எந்தத் திசையில் நீள்கிறது என்பது ஒன்று. எந்தப் பக்கம் எத்தனை டிகிரி சாய்ந்து தரைக்குள் இறங்குகிறது என்பது மற்றொன்று. ஓர் இடத்தில் எடுத்த அளவு தனியாக எதையும் சொல்லாது. நூற்றுக்கணக்கான இடங்களில் எடுத்து வரைபடத்தில் குறித்தால், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் அடுக்குகள் எப்படி வளைந்து போகின்றன என்று புரியத் தொடங்கும். ஓரிடத்தில் அடுக்கு திடீரென்று அறுபட்டு, வேறொரு மட்டத்தில் மறுபடி தோன்றினால் நடுவே ஒரு முறிவு இருக்கிறது என்று பொருள். வெறும் வெடிப்புக்கும் முறிவுக்கும் இதுதான் வேறுபாடு. வெடிப்பில் பாறை பிளந்து மட்டும் நிற்கிறது. முறிவில் இருபுறப் பாறைகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இடம்பெயர்ந்திருக்கின்றன.

வண்டல் மண் எல்லாவற்றையும் மூடிவிட்ட இடத்தில் வேறு வழிகள் தேவை. அடர்த்தி மிகுந்த பழைய பாறைக்கு மேலே புவியீர்ப்பு மிகச் சிறிதளவு கூடும். லேசான படிவுகள் தடித்துக் கிடக்கும் இடத்தில் அது குறையும். நுண்ணிய கருவியால் அந்த வேறுபாட்டை அளந்து, புதைந்த பள்ளத்தின் உருவத்தை ஊகிக்கலாம். ஆழ்துளைகளில் கிடைத்த மண், பாறை மாதிரிகளை வைத்து அந்த ஊகத்தைச் சரிபார்க்கலாம்.

அண்டார்டிகாவிடமிருந்து பிரிந்த நாள்கள்

இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டத்தில் ஒட்டிக் கிடந்தவை. நம் கிழக்குக் கரைக்கு அப்பால் அன்று வங்காள விரிகுடா கிடையாது. கிழக்கு அண்டார்டிகாவின் நிலம்தான் இருந்தது. அந்தக் கண்டம் கிழியத் தொடங்கியபோது, கரைக்கு ஏறத்தாழ இணையாகப் பெரும் முறிவுகள் தோன்றின. பூமியின் மேலோடு இழுபட்டு மெலிந்தது. முறிவுகளுக்கு இடைப்பட்ட பாறைத் துண்டங்கள், அலமாரியில் முட்டுக்கொடுக்க ஆளில்லாத புத்தகங்கள் சாய்வதைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து இறங்கின. ஒவ்வொரு துண்டமும் சாய்ந்த இடத்தில் ஒரு பக்கம் ஆழமும் மறுபக்கம் ஆழமின்மையும் கொண்ட நீண்ட பள்ளம் உருவானது. கிருஷ்ணா–கோதாவரி, காவிரி, இவற்றுக்கு நடுவே பாலாறு என்று கிழக்குக் கரையின் படுகைகள் எல்லாம் இப்படிப் பிறந்தவைதான்.

பாலாற்றுப் படுகையின் வடபகுதி திருவள்ளூர் மாவட்டத்தின் அடியில் கிடக்கிறது. பள்ளம் இறங்க இறங்க, மேற்கே உயர்ந்து நின்ற மலைகளிலிருந்து ஆறுகள் கல்லையும் மண்ணையும் அள்ளி வந்து கொட்டின. அவ்வப்போது கடலும் உள்ளே வந்து போனது. திருப்பெரும்புதூர் வட்டாரத்துப் படிவுகளில் அந்தக் காலத்துச் செடிகளின் அச்சுகளோடு கடல்வாழ் உயிரினங்களின் எச்சங்களும் கிடைப்பதற்கு அதுதான் காரணம். ஊத்துக்கோட்டை, பூண்டிக்கு அருகே உள்ள அல்லிக்குழி மலைகளிலும் ஆந்திர எல்லையை ஒட்டிய சத்தியவேட்டிலும் உருண்டைக் கற்கள் இறுகிச் சேர்ந்த பாறையாக அந்தப் படிவுகள் இன்றும் வெளியே தெரிகின்றன. அந்தக் கற்களில் பெரும்பாலானவை குவார்ட்சைட். மணற்கல் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகிப்போன, கண்ணாடிபோல் உடையும் கடினமான கல் அது. நகரி மலைப் பக்கத்தில் உள்ள, 100 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதான கடப்பா பாறைகளிலிருந்து உடைந்து உருண்டு வந்தவை அவை.

கல் தேடி வந்தவர்கள் கண்ட கோடரி

இந்தக் கற்களின் கதை இத்தோடு முடியவில்லை. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் மனிதக் கை செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அன்று தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில், சக நிலவியலாளர் வில்லியம் கிங்குடன் கொசத்தலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்துக்கு வந்தார். அங்கே கைக்கோடரிகள் ஒன்றிரண்டல்ல, ஏராளமாகக் கிடந்தன.

இருவரும் தொல்பொருள் தேடி வந்தவர்கள் அல்லர். ஃபூட் பாலாற்றுக்கு வடக்கே உள்ள நிலப்பரப்பின் பாறைகளை வரைபடமாக்கிக்கொண்டிருந்தார். கடப்பா, கர்நூல் பாறைகளை விரிவாக ஆராய்ந்து எழுதியவர் கிங். ஒருவர் கற்கள் வந்து சேர்ந்த பள்ளத்தை அறிந்தவர், மற்றவர் கற்கள் புறப்பட்ட மலையை அறிந்தவர். எந்தக் கல் இயற்கையாக உருண்டது, எந்தக் கல்லை மனிதன் தட்டிச் செதுக்கியிருக்கிறான் என்று பிரித்தறியும் கண் அவர்களுக்கு வாய்த்தது தினமும் வெயிலில் நடந்து பாறைகளைப் பார்த்த பழக்கத்தால்தான்.

அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அவர்கள் குழுவினரும் நடத்திய அகழாய்வு, அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் நிறுவியது. அதே இடத்தில் அடுத்த கட்டக் கருவித் தொழில்நுட்பம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டதென்று 2018இல் வெளியான ஆய்வு சொன்னது. இதில் நிலவியலுக்கும் ஒரு முக்கியப் பங்கு உண்டு. அங்கே ஆழத்தில் இருந்த களிமண் அடுக்கை, டைனோசர் காலத்துப் படிவு என்று முன்பு பலர் கருதினார்கள். மனிதக் கருவிகள் அந்த அடுக்குக்குள்ளேயே பொதிந்து கிடப்பதையும், அடுக்கு படிந்த விதத்தையும் கவனித்துப் பார்த்த பிறகுதான் அது ஆற்று நீர் கொண்டுவந்து சேர்த்த மிகப் பிந்தைய வண்டல் என்று தெளிவானது. ஓர் அடுக்கை எந்தக் காலத்தில் வைப்பது என்ற ஒரே முடிவு, மனித வரலாற்றின் ஒரு பக்கத்தையே மாற்றிவிடுகிறது.

ஆதிமனிதன் இந்த வட்டாரத்தில் தங்கியதற்குத் தண்ணீரும் விலங்குகளும் மட்டும் காரணமல்ல. கருவி செய்ய ஏற்ற குவார்ட்சைட் கல் காலடியிலேயே கிடைத்தது பெரிய காரணம். அந்தக் கல்லை அங்கே கொண்டுவந்து சேர்த்தது கண்டம் கிழிந்தபோது உண்டான பள்ளம். தரை முறியாமல் இருந்திருந்தால் அத்திரம்பாக்கம் வேறோர் ஊராக இருந்திருக்கும்.

சங்கங்கள் எதைப் பாராட்டுகின்றன?

இத்தகைய அறிவை ஒருவரே தனியாகச் சேர்க்க முடியாது. ஒருவர் வரைந்த படத்தின் விளிம்பில் அடுத்தவர் தொடங்க வேண்டும். முன்னவர் பிழை செய்திருந்தால் அதே பாறையின் முன் நின்று வாதாடித் திருத்த வேண்டும். அதனால்தான் நிலவியலாளர்கள் மிக முன்பே சங்கம் வைத்தார்கள். லண்டன் நிலவியல் சங்கம் 1807இல் தொடங்கியது. அதன் உயரிய விருதான வொலாஸ்டன் பதக்கத்தை 1831இல் முதலாவதாகப் பெற்றவர் வில்லியம் ஸ்மித். கால்வாய் வெட்டும் பணிகளில் நில அளவையாளராக இருந்த அவர், பாறை அடுக்குகளைத் தொடர்ந்து குறித்துவைத்து 1815இல் இங்கிலாந்துக்கே ஒரு நிலவியல் வரைபடத்தை வெளியிட்டார். முதல் பதக்கமே நடந்து நடந்து வரைபடம் செய்தவருக்குப் போனது.

அந்தச் சங்கத்தின் சிறப்புக் குழுக்களில் ஒன்று, 1970இல் தொடங்கப்பட்ட டெக்டானிக் ஸ்டடீஸ் குரூப். கட்டமைப்பு நிலவியலாளர்களும் நிலத்தட்டு நகர்வை ஆராய்பவர்களும் ஆண்டுதோறும் அங்கே கூடுகிறார்கள். மூத்த பேராசிரியரின் உரைக்கு அடுத்தே மாணவர் தன் சுவரொட்டியை மாட்டி விளக்குவார். அந்தக் குழு வழங்கும் விருதுகளைப் பார்த்தால் துறை எதை மதிக்கிறது என்பது விளங்கும். முனைவர் பட்ட ஆய்விலிருந்து எழுந்த சிறந்த கட்டுரைக்கு ராம்சே பதக்கம். இளநிலை மாணவர் செய்த சிறந்த கள வரைபடப் பணிக்கு டேவ் ஜான்ஸ்டன் பரிசு. வாழ்நாள் சாதனைக்கு மட்டுமின்றி, இருபது வயது மாணவர் மலையில் அலைந்து வரைந்த முதல் படத்துக்கும் அங்கே மேடை உண்டு.

பதக்கத்துக்குப் பெயர் தந்த ஜான் ராம்சே 1967இல் பாறைகளின் மடிப்பையும் முறிவையும் பற்றி ஒரு நூல் எழுதினார். அதுவரை மடிப்புகளை விவரிப்பதே பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. பாறை எவ்வளவு நீண்டது, எவ்வளவு குறுகியது என்பதைக் கணக்கிட்டுச் சொல்லலாம் என்று அந்த நூல் ஒரு தலைமுறைக்கே கற்றுத் தந்தது. 1986இல் வொலாஸ்டன் பதக்கம் அவருக்கும் வந்தது. அமெரிக்க நிலவியல் சங்கத்திலும் இந்தத் துறைக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அது வாழ்நாள் பங்களிப்புக்கும் சிறந்த கட்டுரைக்கும் விருது வழங்குகிறது.

இந்தியாவில் இந்த மரபுக்கு ஒரு தமிழர் அடித்தளம் இட்டார். தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரத்தில் 1898இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எம்.எஸ். கிருஷ்ணன், இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். 1851இல் தொடங்கிய அந்தத் துறை ஓர் இந்தியரின் தலைமைக்கு வர நூறு ஆண்டுகள் பிடித்தன. 1953இல் இந்தியாவின் கட்டமைப்பு வரலாற்றைத் தொகுத்து அவர் எழுதிய ஆய்வேடு, மலைகளும் படுகைகளும் எந்த முறிவுகளின் வழியே உருவாயின என்று நாடு முழுவதையும் ஒரே பார்வையில் காட்டியது. இந்தியப் புவி இயற்பியல் ஒன்றியம் அவர் பெயரில் கிருஷ்ணன் பதக்கத்தை வழங்குகிறது. 1958இல் பெங்களூருவில் தொடங்கிய இந்திய நிலவியல் சங்கம் அடுத்த ஆண்டிலிருந்தே தன் ஆய்விதழை வெளியிட்டுவருகிறது. மத்திய சுரங்க அமைச்சகம் 1966இல் ஏற்படுத்திய தேசியக் கனிம விருதுகள் இன்று தேசியப் புவி அறிவியல் விருதுகளாகத் தொடர்கின்றன.

இந்தத் துறையில் இந்தியாவின் பெரிய பட்டறை கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம். அங்கே பேராசிரியர் சுபீர் குமார் கோஷிடம் பயின்ற சுதீப்தா சென்குப்தா ஒரு மலையேற்ற வீராங்கனை. 1983இல் இந்தியாவின் மூன்றாவது பயணக்குழுவில் சென்று, அதிதி பந்த்துடன் அண்டார்டிகாவில் ஆய்வு செய்த முதல் இந்தியப் பெண் அறிவியலாளர்களில் ஒருவரானார். அவர் அங்கே போனது ஷிர்மாக்கர் குன்றுகளின் பாறைக் கட்டமைப்பை ஆராய. இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையம் பிறகு அமைந்தது அந்தக் குன்றுகளில்தான். கடும் வெப்பத்தில் உருமாறிய அந்தப் பாறைகளில், ஒரு மடிப்பின் மேல் இன்னொரு மடிப்பாகப் பல கட்டங்களில் விசைகள் பதிந்திருப்பதை அவர் அளந்து காட்டினார். 1991இல் அறிவியலுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருதைப் பெற்றார். அதே பல்கலைக்கழகத்தின் நிபிர் மண்டல் அதே விருதை 2005இல் பெற்றார்.

கொல்கத்தா ஆய்வாளர் அண்டார்டிகாவில் எடுத்த அளவுக்கும் திருவள்ளூருக்கும் தொடர்பு உண்டா? உண்டு. கண்டம் கிழிந்தபோது ஒரு பாதி அங்கே போனது, மறுபாதி இங்கே நின்றது. கிழிந்த துணியின் இரு ஓரங்களையும் பார்த்தால்தான் கிழிசலின் வடிவம் முழுதாகப் புரியும். அந்த வேலை நாடுகளைக் கடந்து நடக்க வேண்டியது. அதை ஒருங்கிணைப்பதற்காகவே சர்வதேச நிலவியல் அறிவியல் ஒன்றியத்தில் இந்தத் துறைக்கு ஓர் ஆணையம் இயங்குகிறது.

தண்ணீரும் நடுக்கமும்

பழைய முறிவு இன்றைய வாழ்க்கையைத் தொடும் இடம் முதலில் தண்ணீர். சென்னையின் குடிநீருக்காக 1960களின் இறுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நடந்த ஆய்வு, ஆரணியாறு–கொசத்தலையாறு படுகையில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்று வயல்களை அடையாளம் கண்டது. பள்ளத்தை நிரப்பிய படிவுகளின் மேல் ஆறுகள் பரப்பிய மணல்தான் அந்த நீரின் தொட்டி. தொழிற்சாலைகளும் நகரமும் பாசனமும் சேர்ந்து அளவுக்கு மேல் உறிஞ்சியதும், கடல்நீர் மீஞ்சூர்ப் பக்கமாக உள்ளே நகர்ந்தது. கரையிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேலும் உப்பு ஏறியது. கடைசியில் மீஞ்சூரை ஒட்டிய காட்டுப்பள்ளியில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. உப்பு எந்த மணல் வழியாக ஏறுகிறது, எந்தக் களிமண் அடுக்கு அதைத் தடுக்கிறது, புதைந்த பழைய ஆற்றுத்தடம் எங்கே ஓடுகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை நிலத்தடி வரைபடத்தில் இருக்கிறது. மேற்கே திருத்தணிப் பக்கத்திலும் அதே நிலைதான். கருங்கல்லைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சுவராக நிற்கும் டோலரைட் பாறை, நிலத்தடி நீரைத் தடுத்து ஒரு பக்கம் தேக்கிவைக்கும். சுவரின் எந்தப் பக்கம் போர் போடுகிறோம் என்பதில் ஒரு குடும்பத்தின் கடன் அடங்கியிருக்கிறது.

இரண்டாவது இடம், நிலநடுக்கம். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவில் ஒரு நடுக்கம் உண்டானது. சென்னையிலும் மக்கள் வீட்டைவிட்டு வெளியே ஓடிவந்தார்கள். அடுத்த ஆண்டு திருத்தப்பட்ட இந்தியக் கட்டடத் தரக்குறியீட்டில் சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து அபாயம் கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. கண்டம் கிழிந்தபோது உண்டான பழைய முறிவுகள், இன்று இந்திய நிலத்தட்டு வடக்கே முட்டிக்கொண்டிருக்கும் அழுத்தத்தில் எப்போதாவது அசையக்கூடும். நிலநடுக்க அலை கடினப் பாறையிலிருந்து இளகிய வண்டலுக்குள் நுழையும்போது வேகம் குறைந்து ஆட்டம் பெரிதாகும். 2001 ஜனவரி 26 அன்று பூஜ் நிலநடுக்கத்தின்போது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் சபர்மதி வண்டலின் மேல் கட்டிய அடுக்குமாடிகள் சரிந்தன. கும்மிடிப்பூண்டி, அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி என்று கொதிகலன்களும் எரிபொருள் தொட்டிகளும் துறைமுகங்களும் குவிந்த நிலம் அதே போன்ற படிவுகளின் மேல் இருக்கிறது. பயப்படுவதால் பயனில்லை. எங்கே வண்டல் எவ்வளவு தடிப்பு, அடியில் பாறை எங்கே திடீரென்று இறங்குகிறது என்று தெரிந்துகொண்டு அதற்கேற்பக் கட்டினால் போதும்.

நமக்கு வேண்டிய பரிசு

செயற்கைக்கோள் படமும் கணினியும் வந்த பிறகு, களத்தில் நடந்து அளவெடுக்கும் பழக்கம் எல்லா நாடுகளிலும் மெலிந்துவருகிறது. படத்தில் நேர்கோடாகத் தெரிவது முறிவா, பழைய வண்டிப்பாதையா, வாய்க்காலா என்று தரையில் நின்று பார்த்தால்தான் உறுதியாகும். அதனால்தான் மாணவரின் கள வரைபடத்துக்குச் சங்கங்கள் பரிசு தருகின்றன. அப்படியொரு பரிசு நம்மிடமும் வர வேண்டும்.

சென்னையில் நிலவியல் கற்பிக்கும் மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம் எல்லாமே திருவள்ளூருக்குப் பேருந்துத் தூரத்தில் இருக்கின்றன. திருத்தணிக் குன்றுகளின் வெடிப்புத் திசைகளையும் டோலரைட் சுவர்களையும், அல்லிக்குழியின் கூழாங்கற் படிவுகளின் சாய்வையும் ஆண்டுக்கு ஒரு மாணவர் முழுமையாக வரைந்தால்கூடப் பத்தாண்டில் மாவட்டத்தின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். இதில் அவசரமும் உண்டு. கல்குவாரியும் சவுடு மண் குழியும் வெட்டப்படும்போது, மூடிக் கிடந்த அடுக்குகள் சில மாதங்கள் வெளியே தெரிகின்றன. குழியில் தண்ணீர் நின்றோ குப்பை கொட்டியோ மூடிவிட்டால் அந்தச் சாளரம் போய்விடுகிறது. வெட்டும்போதே ஒரு மாணவர் அளவெடுத்துவிட்டால் அது என்றென்றைக்கும் நம் சொத்து.

தொழிற்பேட்டைகளில் கட்டடம் எழுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் அஸ்திவாரத்துக்காக ஆழ்துளை இட்டு மண் பரிசோதனை செய்கிறது. அந்த அறிக்கைகள் அந்தந்த அலுவலகக் கோப்புகளில் முடங்குகின்றன. அவற்றை ஒரே இடத்தில் சேர்த்து, மாணவரின் வரைபடத்தோடு பொருத்தி, ஊராட்சிகளும் குடிநீர் வாரியமும் சிப்காட்டும் பார்க்கும்படி வைக்க வேண்டும். சிறந்த வரைபடத்துக்கு ஆண்டுதோறும் ஒரு பரிசு; அதற்கு எம்.எஸ். கிருஷ்ணன் பெயரோ ஃபூட், கிங் பெயர்களோ பொருந்தும். தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பரிசு பெற்ற படம் அடுத்த போர்வெல்லும் அடுத்த தொழிற்சாலையும் எங்கே அமையலாம் என்று முடிவெடுக்கும் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். அதுதான் முக்கியம்.